மைக்செட் தட்டுகளும் பத்து வருஷக் காத்திருப்பும்

வணக்கம் ஐயா. அப்பா குத்தாலத்தில் மைக்செட் வைத்திருந்தார். சினிமா இசைத்தட்டு இருநூறு இருக்கும், பெரிய எல்.பி., சின்ன ஈ.பி., நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டு கொஞ்சம். இரண்டு பெட்டி கேசட்டும் உண்டு. மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் கேட்கிறார். பத்து வருஷம் வைத்திருந்தால் விலை ஏறுமா?
– வாசகர், குத்தாலம்

வணக்கம். மொத்தமாகக் கொடுத்துவிடாதீர்கள். பிரித்துப் பார்க்காமல் கொடுத்தால் நல்ல தட்டுக்கும் குப்பை விலைதான்.

பாட்டு புகழ்பெற்றது என்பதற்காகத் தட்டுக்கு விலை வராது. அறுபதுகளின் வெற்றிப் படத் தட்டுகள் ஏராளமாக அடிக்கப்பட்டவை. அவற்றை ஆசையாக வாங்குவது அந்தப் பாட்டோடு வளர்ந்த தலைமுறை. அவர்கள் இருக்கும்போதே விற்றுவிடலாம். 1980களின் பின்பாதி எல்.பி.களைத்தான் வைத்துக்கொள்ளச் சொல்வேன். எல்லாரும் கேசட்டுக்கு மாறியதால் தட்டு குறைவாகவே அடித்தார்கள். படம் ஓடாமல் பாட்டு மட்டும் நின்றது என்றால் இன்னும் அரிது.

மைக்செட் தட்டில் ஒரு சிக்கல் உண்டு. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று கனத்த ஊசியில் ஓடியிருக்கும். விளக்கடியில் சாய்த்துப் பாருங்கள். கறுப்பு மங்கிச் சாம்பல் பூத்திருந்தால் ஊசி ஓடும் பள்ளமே தேய்ந்துவிட்டது, கழுவினாலும் மாறாது. லேபிளில் அப்பா பெயர் எழுதியிருந்தால் சுரண்ட வேண்டாம், லேபிளும் கிழியும். அசல் அட்டை உறை இல்லையென்றால் விலை பாதாளத்துக்கு இறங்கும்.

தூசிக்கும் பூஞ்சைக்கும் ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் போதும். மெல்லிய துணியால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, வெறும் நீரில் அலசி, நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். லேபிள் நனையக் கூடாது. 78 தட்டில் ஸ்பிரிட் படவே கூடாது. அது அரக்கில் செய்தது, கரைந்துவிடும். மாயவரத்தில் பிறந்த தியாகராஜ பாகவதரின் தட்டு ஏதாவது அதில் கிடந்தால் கீழே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கண்ணாடி மாதிரி நொறுங்கும்.

நம் பக்கத்து ஐப்பசி, கார்த்திகை ஈரம்தான் பெரிய பகை. தட்டுகளைச் செங்குத்தாக, சாயாமல் நிறுத்துங்கள். படுக்கவைத்து அடுக்கினால் வளையும். சுவரிலிருந்து நாலு விரல், தரையிலிருந்து ஒரு அடி தள்ளி இருக்கட்டும். பாலிதீனில் இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே நின்று அட்டை பூசணம் பிடிக்கும். ராமபாணப் பூச்சிக்கு அந்த அட்டையும் பசையும்தான் தீனி.

கேசட்டுகள் பெரும்பாலும் ஏறாது. தட்டாக வராத படத்தினுடையதை மட்டும் எடுத்து வையுங்கள்.

அந்த ஆள் வருவதற்குள் ஒரு நோட்டில் படப் பெயர், கம்பெனி, லேபிளில் உள்ள எண், லேபிளை ஒட்டிய வெற்றிடத்தில் பொறித்திருக்கும் எண் நான்கையும் எழுதிவிடுங்கள். விலை விசாரிக்கும்போது விற்பவர் கேட்கும் தொகையை நம்பாமல், உண்மையில் விற்றுப்போன தொகையைப் பாருங்கள்.