மைதானத்தில் ‘மாஸ்டர்’, வீட்டில் ‘அப்பா’: வாசகர் கேள்வி – பதில்

தந்தையாகவும் ஓட்டக்காரராகவும் பிள்ளைகளின் பயிற்சியாளராகவும் வாழ்ந்து மறைந்த ஒருவரை எப்படி நினைவுகூர்வது என்று கேட்டு வந்த கடிதங்களில் ஐந்தை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: என் அப்பா இளமையில் 400 மீட்டர் ஓடியவர். பிறகு முப்பது ஆண்டுகள் மாலை நேரங்களில் ஊதியம் வாங்காமல் பிள்ளைகளுக்குத் தடகளம் கற்றுக்கொடுத்தார். அவர் மறைந்து பத்து மாதங்கள் ஆகின்றன. நினைவு மலர் ஒன்று கொண்டுவர நினைக்கிறோம். எழுத உட்கார்ந்தால் ‘அன்பானவர், கண்டிப்பானவர், எளிமையானவர்’ என்பதற்கு மேல் ஒரு வரியும் வரவில்லை. அவர் விட்டுச் சென்றவை நான்கு பயிற்சி நோட்டுகளும் சில சான்றிதழ்களும் மட்டுமே. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அந்த நோட்டுகளிலிருந்தே தொடங்குங்கள் அம்மா. ‘மட்டுமே’ என்று நீங்கள் குறிப்பிடும் அந்த நான்கும் உங்கள் அப்பா தம் கையால் எழுதிய வாழ்க்கைக் கணக்கு. அதைப் படிக்கப் பழகிவிட்டால் மலரில் பாதி எழுதி முடிந்தது போலத்தான். ஒரு பெயருக்கு நேரே 54.3 என்று ஒரே ஒரு தசம இலக்கத்துடன் இருந்தால், அது ஸ்டாப்வாட்சைக் கையால் அழுத்தி எடுத்த நேரம். 54.38 என்று இரண்டு இலக்கங்கள் இருந்தால் மின்னணுக் கருவி வைத்து நடத்திய போட்டியாக இருக்கலாம். டிஜிட்டல் வாட்ச் வந்த பிறகு கையால் எடுத்த நேரத்தையும் சிலர் அப்படி எழுதியதுண்டு என்பதால், பக்கத்தில் போட்டியின் பெயர் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கையால் எடுத்த நேரம் ஓட்டக்காரருக்குச் சற்றுச் சாதகமானது. அதை மின்னணு நேரத்தோடு ஒப்பிடும்போது 100, 200 மீட்டர் ஓட்டங்களில் 0.24 நொடியும், 400 மீட்டரில் 0.14 நொடியும் கூட்டிக்கொள்வது வழக்கம். பழைய சான்றிதழில் 440 யார்டு என்று இருந்தால் அதை 400 மீட்டர் என்று திருத்திவிடாதீர்கள். அது 402.34 மீட்டர், காமன்வெல்த் போட்டிகளே 1966 வரை யார்டுக் கணக்கில்தான் நடந்தன. அவர் கூடுதலாக ஓடிய அந்த இரண்டு மீட்டர் சொச்சமும் அவருடையதுதான்.

‘200 × 6 – 3’ என்பது போன்ற வரிகள், 200 மீட்டரை ஆறு முறை, இடையில் மூன்று நிமிட ஓய்வுடன் ஓடச் சொன்னதைக் குறிக்கும். இரண்டு பெயர்களுக்கு நடுவே அம்புக்குறி போட்டு 22, 24 என்று எண்கள் இருந்தால் அந்தப் பக்கத்தில் சற்று நில்லுங்கள். தொடர் ஓட்டத்தில் பேட்டனை, அதாவது கைமாற்றிக்கொள்ளும் குச்சியை, வாங்க நிற்பவர், பின்னால் ஓடி வருபவர் ஓர் அடையாளக் கோட்டைத் தொட்டதும் புறப்பட வேண்டும். அந்தக் கோடு எத்தனை பாதத் தொலைவில் இருக்க வேண்டும் என்பதே பெரும்பாலும் அந்த எண்ணாக இருக்கும். பாதம் என்பது அந்தப் பிள்ளை தன் காலடியை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி வைத்து அளந்தது. பிள்ளை வளர வளர, ஓட்டத்தின் வேகம் கூடக் கூட, எண்ணும் மாறிக்கொண்டே போகும். 22 என்பதை அடித்து 23 என்றும், அதையும் அடித்து 25 என்றும் அவர் எழுதியிருந்தால், ஒரு பிள்ளை வளர்ந்ததை உங்கள் அப்பா எத்தனை உன்னிப்பாகக் கவனித்து வந்தார் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். அந்தப் பக்கத்தை அவருடைய கையெழுத்துடன் அப்படியே மலரில் அச்சிடுங்கள்.

அடுத்து, அவரிடம் பயின்றவர்களைத் தேடிப் பேசுங்கள். ‘மாஸ்டர் எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டால் அவர்களும் அன்பானவர் என்றுதான் சொல்வார்கள். ‘உங்களிடம் அவர் முதலில் திருத்தியது எதை?’ என்று கேளுங்கள். ஒருவர் தோளை இறுக்கிக்கொண்டு ஓடியதைச் சொல்வார். இன்னொருவர் கடைசி முப்பது மீட்டரில் திரும்பிப் பார்க்கும் பழக்கத்தைச் சொல்வார். பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து நின்று கையை வீசிக் காட்டுவார். எனக்குப் பயிற்சி அளித்தவர் மறைந்த பிறகு அவருடைய நோட்டைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அதில் ஒரு நாளில் என் பெயருக்கு நேரே நேரம் எதுவும் இல்லை. ‘ஷூ சிறியது’ என்று மட்டும் இருந்தது. அதற்கு அடுத்த வாரம் எனக்கு ஒரு பழைய ஸ்பைக்ஸ் ஜோடி வந்து சேர்ந்ததன் காரணம் இருபத்தாறு ஆண்டுகள் கழித்து அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அத்தகைய வரிகள் உங்கள் அப்பாவின் நோட்டுகளிலும் இருக்கும்.

கேள்வி: என் தந்தையின் நினைவுக் கூட்டத்தில் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். எல்லோரும் அவரைத் தந்தைக்கு நிகர் என்கிறார்கள். நான் அவருடைய சொந்த மகன். மைதானத்தில் அவரை ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிட வேண்டும். பதினைந்து வயதில், என்னைவிட மெதுவாக ஓடிய ஒருவனைத் தொடர் ஓட்ட அணியில் சேர்த்து என்னை வெளியே நிறுத்தினார். அந்த வலி இன்னும் போகவில்லை. பொய் பேச மனமில்லை. குறை சொல்லவும் மனமில்லை.

பதில்: பொய் பேச வேண்டியதில்லை தம்பி. தொடர் ஓட்ட அணியைத் தனி ஓட்டத்தின் நேரத்தை வைத்து மட்டும் யாரும் தேர்ந்தெடுப்பதில்லை என்பதும், நான்கு பேரின் வேகத்தைவிடப் பேட்டன் வேகம் குறையாமல் கைமாறுவதே முக்கியம் என்பதும், சிறிது மெதுவாக ஓடினாலும் நன்றாக வாங்கிக் கொடுப்பவனுக்கு இடம் கிடைப்பது இயல்பு என்பதும் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. தம் மகனை அணியில் வைத்திருக்கும் பயிற்சியாளரை மற்றப் பெற்றோர்கள் கூர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதும், அந்தப் பார்வைக்கு அஞ்சிப் பலர் தம் பிள்ளைக்கு மட்டும் அளவுகோலை உயர்த்திவிடுகிறார்கள் என்பதும் நான் நேரில் கண்டவை. உங்கள் தந்தை எந்தக் காரணத்தால் அப்படிச் செய்தார் என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். இரண்டாவது காரணம்தான் என்றால், அது ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இழைக்கப்பட்ட அநீதி என்பதே என் கருத்து.

பிரிட்டன் ஓட்டக்காரர் செபாஸ்டியன் கோவுக்குப் பயிற்சி அளித்தவர் அவருடைய தந்தை பீட்டர் கோ. பொறியாளரான அவர், தாமே படித்துத் தேர்ந்து மகனை உருவாக்கினார்; மகன் 1980-லும் 1984-லும் 1500 மீட்டரில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். மகனைப் பற்றிப் பிறரிடம் பேசும்போது ‘என் வீரர்’ என்று குறிப்பிடுவது பீட்டரின் வழக்கமாக இருந்தது. தந்தை என்ற இடத்திலிருந்து சற்று விலகி நின்றால்தான் பயிற்சியாளராக இருக்க முடியும் என்று கருதியவர்கள் வேறு இடங்களிலும் இருந்திருக்கிறார்கள். அந்த விலகலின் விலையை உங்களைப் போன்ற பிள்ளைகள்தான் கொடுத்தார்கள். கூட்டத்தில் இதையே சொல்லலாம்: ‘உங்களுக்கெல்லாம் மைதானத்தில் தந்தை கிடைத்தார், எனக்கு அங்கே மாஸ்டர்தான் கிடைத்தார், என் தந்தையை நான் வீடு திரும்பும் வழியில்தான் பார்த்தேன்.’ வீடு திரும்பும் வழியில் அவர் பேசியது ஏதேனும் நினைவிருந்தால் அதைச் சொல்லி அமர்ந்துவிடுங்கள். உங்கள் பேச்சு முடிந்ததும், அன்று உங்கள் இடத்தில் ஓடியவர் உங்களைத் தேடி வந்தால் வியப்படைய மாட்டேன்.

கேள்வி: எங்கள் மாஸ்டர் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் எங்களைக் கடுமையாகப் பயிற்சி செய்ய விடவில்லை. வாரத்தில் ஒரு நாள் கட்டாய ஓய்வு. ஆண்டில் சில மாதங்கள் ஓட்டத்தை விட்டுவிட்டுப் பந்து விளையாடச் சொல்வார். முழங்காலுக்குக் கீழே வலி என்றால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அப்போது எங்களுக்குக் கோபமாக இருந்தது. அவர் செய்தது சரிதானா?

பதில்: மிகச் சரி. வளரும் வயதில் எலும்புகளின் முனைகளில் உள்ள வளர்ச்சிப் பகுதி குருத்தெலும்பாக, மென்மையாக இருக்கும். உயரம் வேகமாகக் கூடும் அந்த ஆண்டுகளில், தொடைத் தசையின் இழுவை முழங்காலுக்குக் கீழே உள்ள இடத்தில் திரும்பத் திரும்ப விழுவதால் வலியும் வீக்கமும் வரும். ஓய்வு கொடுக்காமல் ஓடவைத்தால் அது மாதக்கணக்கில் நீடிக்கும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் இளம் வீரர்களுக்கு வாரத்தில் ஒன்று அல்லது இரண்டு நாள் ஓய்வையும், ஒரே விளையாட்டில் ஈடுபடுவோருக்கு ஆண்டில் மொத்தம் இரண்டு மூன்று மாத இடைவெளியையும் பரிந்துரைக்கிறது. பிள்ளையின் வயது எத்தனையோ அதற்கு மேற்பட்ட மணி நேரம் ஒரு வாரத்தில் முறையான பயிற்சி வேண்டாம் என்பதும் பயிற்சியாளர்களிடையே நிலவும் ஒரு நல்ல கணக்கு. உங்கள் மாஸ்டர் இவற்றைப் படித்துச் செய்தாரோ, பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டாரோ, இன்று உங்கள் முழங்கால்கள் நலமாக இருப்பதில் அவருக்குப் பங்கு உண்டு. இந்தக் கடிதத்தின் நகல் ஒன்றை அவருடைய குடும்பத்தாருக்கும் அனுப்புங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு இவையெல்லாம் பெரும்பாலும் தெரிந்திருக்காது.

கேள்வி: என் தந்தையிடம் பயின்ற யாரும் தேசிய அளவில் வென்றதில்லை. அவரைப் பயிற்சியாளர் என்று பெருமையாக எழுதலாமா?

பதில்: தயங்காமல் எழுதுங்கள். விமானப் படையில் பணியாற்றிய ஓட்டக்காரரான ஓ.எம். நம்பியாரை நாம் அறிந்தது அவர் பயிற்சி அளித்த பி.டி. உஷாவின் வழியாக. உஷா 1984 ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நொடியின் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் பதக்கத்தை இழந்தார். அடுத்த ஆண்டு நம்பியாருக்குப் பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது கிடைத்தது. அந்தச் சிறுமி கண்ணில் படாமல் போயிருந்தாலும் அவருடைய பயிற்சி அதே பயிற்சியாகத்தான் இருந்திருக்கும், நமக்குத்தான் தெரிந்திருக்காது.

கேள்வி: அப்பாவின் பழைய ஸ்டாப்வாட்ச் சாவி கொடுத்தால் இன்னும் ஓடுகிறது. கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம் என்று என் தம்பி சொல்கிறான். தடகளப் பயிற்சிக்குப் போகும் என் பதினொரு வயது மகள் தனக்கு வேண்டும் என்கிறாள்.

பதில்: மகளிடம் கொடுங்கள். நம்பகமான கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் ஒருமுறை காட்டித் துடைத்து எண்ணெய் இடச் சொல்லுங்கள். அதிக நாள் பயன்படுத்தாமல் வைப்பதானால் சாவியின் முறுக்கம் முழுவதும் தீரும்வரை ஓடவிட்டு வையுங்கள். ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொடுக்கும்போது உங்கள் அப்பா தம் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லிக்கொடுத்திருக்கக்கூடிய ஒன்றை அவளுக்கும் சொல்லுங்கள். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும் என்பதால், நூறு மீட்டர் தள்ளி இறுதிக் கோட்டில் நிற்பவருக்குத் துப்பாக்கிச் சத்தம் 0.3 நொடி தாமதமாகவே வந்து சேரும். அவள் சத்தத்துக்காகக் காத்திருக்கக் கூடாது; துப்பாக்கியின் புகையைப் பார்த்ததும் அழுத்த வேண்டும்.