மணி அடித்ததும் மேசைக்கடியில் புகும் மாணவன்

கேள்வி: திருகோணமலையில் தரம் 3 வகுப்புக்குக் கற்பிக்கிறேன். ஓட்டிசம் (மதியிறுக்கம்) உள்ளதென வைத்தியர் உறுதிப்படுத்திய மாணவன் ஒருவன், இடைவேளை மணி அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் புகுந்துவிடுகிறான். ஏதாவது கேட்டால், கேட்டதையே திருப்பிச் சொல்கிறான். கண்டிப்பதா, கண்டுகொள்ளாமல் விடுவதா?

பதில்: இரண்டுமே உதவா. ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு ஒலியும் ஒளியும் தொடுகையும் நாம் உணர்வதைவிடப் பன்மடங்கு கூர்மையாகவோ, சிலவேளை மிக மங்கலாகவோ புலப்படும். 2013இல் வெளியான டிஎஸ்எம்-5 என்ற நோயறிதல் கையேடு இதனை ஓட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது. மேசைக்கடி அவன் தானாகத் தேடிக்கொண்ட புகலிடம் என்பதால், அங்கிருந்து இழுத்தெடுத்தால் பயம் கூடுமே தவிர மணிச்சத்தம் குறையப்போவதில்லை.

சத்தத்தை அதிபரின் உதவியுடன் குறைக்கலாம். தண்டவாளத் துண்டில் அடிக்கும் மணியானால், அடிக்கும் கம்பியின் நுனியில் துணி சுற்றினாலே அதன் கூர்மை தணியும். அவனுடைய இருக்கையை மணி தொங்கும் பக்கத்திலிருந்து தள்ளிப் போடுங்கள். அதைவிட முக்கியம், மணி திடீரென வராதிருப்பது. அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் எரிக் ஷொப்லர் குழுவினர் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக வளர்த்தெடுத்த 'டீச்' என்ற கற்பித்தல் முறையின் மையக் கருத்துகளுள் ஒன்று, அடுத்து என்ன நடக்கும் என்பதைப் பிள்ளை கண்ணால் காண வேண்டும் என்பதே. பிரார்த்தனை, தமிழ், கணிதம், மணி, இடைவேளை என ஒவ்வொன்றுக்கும் சிறு படம் வரைந்து, மேசையோரத்தில் வரிசையாக ஒட்டிவையுங்கள். முடிந்ததை அவனே கழற்றி ஓர் உறைக்குள் போடட்டும். மணிப் படம் வரிசையில் முதலாவதாக வந்ததும் காதைப் பொத்திக்கொள்ள அவனுக்கு அவகாசம் கிடைத்துவிடும். நேரசூசி மாறும் நாளில், குறிப்பாக இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பாண்ட் வாத்தியப் பயிற்சி நடக்கும் நாட்களில், படங்களையும் காலையிலேயே மாற்றிவிடுங்கள்.

கேள்வியைத் திருப்பிச் சொல்வதைக் கேலியென்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் அது, கேள்வி காதில் விழுந்தது, பொருள் இன்னும் பிடிபடவில்லை என்பதற்கான அறிகுறி. ஒருமுறை சுருக்கமாகக் கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். இடையில் வேறு சொற்களால் மீண்டும் கேட்டால், அவனுக்கு அது இரண்டாவது கேள்வியாகிவிடும். "நேற்று என்ன பார்த்தாய்?" என்பதைவிட, உங்கள் ஊர் பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் திரியும் மானின் படத்தையும் படகின் படத்தையும் வைத்து "மானா, படகா?" என்று கேட்பது எளிது. ஆனால் கடைசிச் சொல்லை எதிரொலித்துவிட்டு அதுவே பதில்போலத் தோன்றச் செய்யும் பிள்ளைகளும் உண்டு. ஆகவே சொற்களின் வரிசையை மாற்றிக் கேட்டு, படத்தைத் தொட்டுக் காட்டச் சொல்லிப் பாருங்கள். பதில் சொல்லும்போது உங்கள் கண்ணைப் பார்க்குமாறு வற்புறுத்துவது வேண்டாத சுமை.

செல்லம் கொடுக்கிறீர்கள் என்று சக ஆசிரியர்கள் சொல்லக்கூடும். அதற்கு வாதாடுவதைவிட, மேசைக்கடியில் புகுந்த ஒவ்வொரு முறையும் அதற்கு முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரத்தில் தணிந்தான் என்று ஒரு கொப்பியில் குறித்து வருவது பயன் தரும். சில வாரக் குறிப்புகள் சேர்ந்ததும் அவனுடைய தாயாரிடம் காட்டி, வீட்டில் பிரஷர் குக்கர் விசிலுக்கும் கோயில் மேளத்துக்கும் என்ன செய்கிறான் என்று கேளுங்கள். வலயக் கல்விப் பணிமனையின் விசேட கல்விப் பிரிவுக்குச் செல்லும்போதும் அந்தக் கொப்பியையே கொண்டு செல்லுங்கள்.