சர்வரை நிறுவத் தெரிந்தால் போதுமா?

வணக்கம் அம்மா. பி.எஸ்சி. கணினி அறிவியல் கடைசி ஆண்டு படிக்கும் உங்கள் மகன், டேட்டாபேஸ் (தரவுகளைச் சேமித்து வைக்கும் தளம்) நிர்வாகி ஆவதற்குப் பயிற்சி மையத்தில் சேர வேண்டும் என்று பணம் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். இப்போதைக்குக் கட்டாதீர்கள். வேலை நல்ல வேலைதான். ஆனால் நீங்கள் அனுப்பிய பாடத்திட்டத்தில் பாதிக்கு மேல் சர்வரை, அதாவது மற்ற கணினிகள் கேட்கும் தரவுகளைத் தரும் மென்பொருளை, நிறுவுவது பற்றியே இருக்கிறது. அதைக் கற்க ஒரு மாலைப் பொழுது போதும்.

வீட்டிலுள்ள பழைய மடிக்கணினியில் டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைத் தம்பி நிறுவட்டும். அதன்மேல் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் சர்வர். 1986-இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாகத் தொடங்கிய மென்பொருள் இது. காசு கொடுக்க வேண்டியதில்லை. ஒரே கட்டளையில் நிறுவிவிடலாம். படிப்பு அதற்குப் பிறகுதான். எந்த முகவரியிலிருந்து யார் உள்ளே வரலாம் என்று எங்கே எழுதப்பட்டிருக்கிறது? போஸ்ட்கிரெஸுக்குள் வரும் வாசலான 5432-ஆம் போர்ட்டை ஊருக்கே திறந்து வைத்தால் என்ன ஆபத்து? அழித்த பிறகும் அட்டவணையின் பழைய வரிகள் வட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது ஏன், அந்த இடத்தை ஆட்டோவேக்கம் என்ற தானியங்கித் துப்புரவு வசதி எப்படி மீட்கிறது? விடைகளைத் தன் கணினியிலேயே தேடிப் பார்க்கட்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பேக்கப், அதாவது தரவுகளின் காப்பு நகல். 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துப் பகிர உதவும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததைத் தம்பி அவசியம் படிக்க வேண்டும். இரவு வேலையில் இருந்த பொறியாளர் ஒருவர், நகல் சர்வர் என்று நினைத்து முதன்மைச் சர்வரின் தரவுகளை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. பேக்கப்பைத் தேடினால் ஒன்றுமே இல்லை. பேக்கப் எடுக்க வேண்டிய கருவி சர்வருக்குப் பொருந்தாத பழைய பதிப்பு என்பதால் தோல்வியடைந்துகொண்டே இருந்திருக்கிறது. எச்சரிக்கை மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு தேவைக்காக எடுத்த நகல் ஒன்றுதான் கைகொடுத்தது. அதற்குப் பிந்தைய தரவுகள் போனது போனதுதான். இத்தனையையும் அந்த நிறுவனமே மறைக்காமல் வெளியிட்டது.

ஆகவே ‘பேக்கப் எடுத்தாயா?’ என்று கேட்காதீர்கள். ‘அதை வைத்து மீட்டுப் பார்த்தாயா?’ என்று கேளுங்கள். வாரம் ஒருமுறை டேட்டாபேஸைத் தானே அழித்துவிட்டு, பேக்கப்பிலிருந்து மீட்டு, எவ்வளவு நேரம் ஆனது, எங்கே தடுமாறியது என்று தம்பி ஒரு நோட்டில் எழுதி வரட்டும். நேர்முகத் தேர்வில் சான்றிதழைவிட அந்த நோட்டுக்கு மதிப்பு அதிகம்.

சில கசப்பான விஷயங்களும் உண்டு. கல்லூரியிலிருந்து வந்தவுடன் நிஜ வாடிக்கையாளர் தரவுகளை யாரும் நம்பி ஒப்படைக்க மாட்டார்கள். பெரும்பாலும் லினக்ஸ் சப்போர்ட் வேலையில் நுழைந்து, சில ஆண்டுகளில்தான் இந்தப் பக்கம் வர முடியும். இரவுப் பணி உண்டு. தீபாவளியன்றும் தொலைபேசி ஒலிக்கும். சர்வரை நிறுவிப் பராமரிக்கும் வேலையை, இணையம் வழியே சர்வர்களை வாடகைக்குத் தரும் கிளவுட் நிறுவனங்களே எடுத்துக்கொண்டு வருகின்றன. மெதுவாக ஓடும் வினவலை (டேட்டாபேஸிடம் தரவு கேட்கும் கட்டளையை) சரிசெய்வது, அனுமதிகளை ஒழுங்குபடுத்துவது, விபத்துக்குப் பின் மீட்பது ஆகியவற்றுக்குத்தான் இன்னும் ஆள் தேவை.

மூன்று மாதம் கழித்தும் ஆர்வம் குறையவில்லை என்றால் பயிற்சி பற்றி யோசிக்கலாம். அப்போதும் பணம் கட்டும் முன், செயலிழந்த சர்வரை மீட்க எத்தனை வகுப்புகள் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று மையத்தில் கேளுங்கள். ஒன்றுகூட இல்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.