நெல்லுக்கு வாங்குன பூச்சி மருந்த மாட்டு உண்ணிக்கும் அடிக்கலாமா?

நெல்லுக்கு வாங்குன மருந்து மிச்சம் இருக்கு, ரெண்டும் பூச்சிதானே, மாட்டு உண்ணிக்கும் அதையே அடிக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. தயவுசெஞ்சு அடிக்காதீங்க. நாங்க குறிஞ்சிப்பாடி பக்கம், நெல்லும் உண்டு மாடும் உண்டு, இங்கயும் இந்தப் பேச்சு அடிக்கடி வரும்.

நெல்லுல வர்ற புகையான் பூச்சியையே எடுத்துக்குங்க. தூரை விரிச்சுப் பாத்தா தண்ணிக்குக் கொஞ்சம் மேல பழுப்பு கலர்ல கூட்டமா ஒட்டிக்கிட்டு சாறை உறிஞ்சும், வரப்புல நின்னு பாத்தா ஒண்ணும் தெரியாது, அப்புறம் பாத்தா வட்டம் வட்டமா தீஞ்ச மாதிரி காஞ்சு கெடக்கும். யூரியாவ அள்ளிப் போட்டு நெருக்கி நட்ட வயல்ல இன்னும் மோசம். இதுக்குப் போயி டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் மாதிரி பூச்சி மருந்த அடிச்சா புகையானத் தின்னுற சிலந்தியெல்லாம் செத்து, புகையான் முன்னவிட ஜாஸ்தியாயிடும். தண்ணிய வடிச்சு விடுங்க, நடும்போதே எட்டடிக்கு ஒரடி நடாம பட்டமா எடம் விடுங்க.

மாட்டுல அப்படியே தலைகீழ். அதே டெல்டாமெத்ரினதான் உண்ணிக்கு மாட்டு டாக்டரு எழுதிக் குடுப்பாரு, ஆனா அது மாட்டுக்குன்னே செஞ்சது, கலக்குற அளவே வேற. உங்க கையில இருக்குறது குளோர்பைரிபாஸ் மாதிரி வயல் மருந்தா இருந்தா மாடு ஒடம்ப நக்கியே வாயில எச்சி ஒழுகி, நடுக்கம் வந்து விழுந்துடும், பால்லயும் எறங்கும்.

உண்ணி பூச்சியே இல்லைங்க, எட்டுக்காலு, சிலந்தி வகை. ரத்தம் குடிச்சு உப்புன பொட்டை உண்ணி கீழ விழுந்து, கொட்டாய் செவுத்து வெடிப்புல ஆயிரக்கணக்குல முட்டை வச்சுட்டுத்தான் சாகும், அதனால மாட்டுக்கு மட்டும் மருந்து போட்டா பத்தாது, வெடிப்பையும் பூசணும். எனக்கு அது குடிக்கிற ரத்தத்தவிட கொண்டு வர்ற காய்ச்சல்தான் பயம், பபேசியாங்குற காய்ச்சல் வந்தா மூத்திரம் காபி கலர்ல போகும், அன்னைக்கே டாக்டரக் கூப்புடுங்க. 2019ல நம்ம நாட்டுல மொதல்ல ஒடிசாவுல தெரிஞ்ச தோல் கட்டி நோயும் இப்படித்தான், கடிக்கிற ஈ, கொசு, உண்ணி மூலமா பரவுது.

எருக்குழியையும் கவனிங்க. தென்னங்குருத்தக் குடையுற காண்டாமிருக வண்டோட புழு அதுலதான் வளருது, மாட்டு ஈயும் ஈரச் சாணியிலதான் முட்டை வைக்குது. குப்பையக் கெளறி புழுவப் பொறுக்கிப் போட்டுட்டு மெட்டாரைசியம் பூஞ்சாணத்த தண்ணியில கரைச்சு ஊத்துங்க, அது வண்டுப் புழுவுக்கு. ஈக்கு, சாணிய கொட்டாய்லயே தேங்க விடாம தெனம் வழிச்சு தூரமாப் போடணும்.