ரங்கூன் கேள்வி பதில்: பிறந்த தெருவைத் தேடி

கேள்வி: நான் பிறந்தது ரங்கூன் மொகல் ஸ்ட்ரீட்டில். 1965-ல் ஒன்பது வயதில் பெற்றோருடன் கப்பலேறி மெட்ராஸ் வந்தேன். அப்புறம் திருச்சி, வேலைக்காகப் பல வருஷம் துபாய். பிறந்த வீட்டை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. தெரு இருக்கிறதா? எங்களைத் தெரிந்தவர்கள் யாராவது இருப்பார்களா?
(வாசகர், திருச்சி)

பதில்: வாங்கய்யா, தெரு அப்படியே இருக்கிறது. ஆனால் ஷ்வே போன் தா தெரு என்று சொன்னால்தான் டாக்ஸிக்காரருக்குப் புரியும். பிரேசர் ஸ்ட்ரீட் இப்போது அனோரதா சாலை, டல்ஹௌசி ஸ்ட்ரீட் மகாபந்துலா சாலை. நம்பர் போட்ட தெருக்களை மட்டும் யாரும் தொடவில்லை. 26-ம் தெரு அன்றைக்கும் 26-தான், இன்றைக்கும் 26-தான். அதனால் வீட்டுக்குப் பக்கத்தில் எந்த நம்பர் தெரு இருந்தது என்று அண்ணன், அக்கா யாரிடமாவது கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். 1871-ல் கட்டிய காளியம்மன் கோயில் அனோரதா சாலையில்தான் இருக்கிறது. முதலில் அங்கே போய் இறங்குங்கள்.

வீடு கிடைத்துவிட்டால் மூச்சு வாங்க மாடி ஏற வேண்டாம். ஒவ்வொரு மாடியிலிருந்தும் வாசலுக்கு ஒரு கயிறு தொங்கும், நுனியில் ஒரு கிளிப். பேப்பர்காரர் அதில்தான் பேப்பரை மாட்டுவார். கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும், வீட்டுக்காரர் பால்கனியிலிருந்து எட்டிப் பார்ப்பார். கீழே நின்றே விஷயத்தைச் சொல்லுங்கள்.

ஆட்களைத் தேடுவதுதான் கஷ்டம். இங்கேயே தங்கிவிட்ட தமிழர்களான எங்களில் பலருக்கு வெளியில் ஒரு பர்மியப் பெயர், கோயிலில் ஒரு தமிழ்ப் பெயர். தமிழ்ப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அடுத்த வீட்டுக்காரருக்கே தெரியாமல் போகலாம். உங்கள் அப்பா என்ன தொழில் செய்தார், தமிழ்நாட்டில் எந்த ஊர்க்காரர், யார் கடையில் இருந்தார், இதைச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் வயசானவர்கள் வருவார்கள். அவர்களுக்கு ஆளைவிடக் கடைதான் ஞாபகம் இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1964 மார்ச்சில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று ஆனது. கணக்குப்பிள்ளையாக இருந்த என் அப்பாவுக்கு வேலை போயிற்று, கையில் இருந்த காசும் போயிற்று. அவரும் கப்பலேறத்தான் இருந்தார். பாட்டி படுத்த படுக்கையாகிவிட்டதால் நின்றோம். வேறு காரணம் எதுவும் கிடையாது. இன்று தமிழ்நாட்டிலிருந்து வருகிற சிலர் எங்கள் மாடிப்படியைப் பார்த்துவிட்டு, "ஐயோ பாவம், இன்னும் இப்படியேவா இருக்கீங்க?" என்கிறார்கள். மனசு நொந்துபோகிறது. நீங்கள் விட்டுப்போன கோயில்களில் விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டவர்கள் நாங்கள். பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து அ, ஆ எழுதக் கற்றுக்கொடுத்தவர்களும் நாங்கள்தான். வீட்டைப் படம் எடுத்ததும் ஓட்டலுக்குத் திரும்பிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் ஒரு வேளை சாப்பிடுங்கள். பிள்ளைகள் பர்மிய வார்த்தை கலந்து தமிழ் பேசினால் திருத்தாமல் கேளுங்கள்.

கேள்வி: அடுத்த முறை வரும்போது சொந்தக்காரர்களுக்கு என்ன வாங்கி வரலாம்?
(வாசகி, வியாசர்பாடி)

பதில்: புடவை, பாத்திரம் எல்லாம் இங்கேயே கிடைக்கும். 1950-களில் இங்கே எடுத்த கல்யாணப் படம், கடைப் படம் உங்கள் பெட்டியில் இருக்கும். அதைப் பிரதி எடுத்து, பின்பக்கம் யார் யார் என்று எழுதிக் கொண்டுவாருங்கள். கோயில் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் அரிச்சுவடியும் கொண்டுவந்தால் சந்தோஷம்.

கேள்வி: ரங்கூனிலிருந்து மௌல்மீன் நகரத்துக்குப் போக இப்போதும் ஆற்றுக்கு இக்கரையில் உள்ள மார்த்தபானில் ரயிலை விட்டு இறங்கிப் படகு பிடிக்க வேண்டுமா?
(வாசகர், மதுரை)

பதில்: வேண்டாம். 2005-ல் சால்வின் ஆற்றின் மேல் பாலம் வந்துவிட்டது, ரயிலுக்கும் வண்டிக்கும் சேர்த்து. ஆனால் 2021-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து பல பக்கம் சண்டை. வழி நிலவரம் வாரத்துக்கு வாரம் மாறுகிறது. டிக்கெட் போடும் முன் மௌல்மீனில் இருக்கிற சொந்தக்காரருக்கு போன் போட்டுக் கேளுங்கள், தூதரக அறிவிப்பையும் பாருங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அந்தப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.