அண்ணத்தில் வலிக்காத கட்டி: ஸ்கேன் மட்டும் போதாதா?

கேள்வி: எனக்கு 42 வயது. மேலண்ணத்தில் வலப்பக்கம், கொஞ்சம் பின்புறமாக, சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு கட்டி எட்டு மாதமாக இருக்கிறது. வலி இல்லை. பல்லில் சீழ் என்று இரண்டு முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் குறையவில்லை. இப்போது உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டியாக இருக்கலாம், பயாப்ஸி (கட்டியிலிருந்து துணுக்குச் சதை எடுத்துச் சோதிப்பது) எடுக்க வேண்டும் என்கிறார்கள். கத்தி பட்டால் பரவிவிடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். ஸ்கேன் மட்டும் போதாதா?

பதில்: போதாதம்மா. பயாப்ஸி எடுத்துத்தான் ஆக வேண்டும்.

உமிழ்நீர்ச் சுரப்பி என்றால் காதடியிலும் தாடைக்கு அடியிலும் உள்ள பெரிய சுரப்பிகள்தான் நினைவுக்கு வரும். ஆனால் உதடு, கன்னத்தின் உட்புறம், அண்ணம் என்று வாய்க்குள் 600 முதல் 1,000 வரை குட்டிச் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றில் கட்டி வருவது அபூர்வம். வந்தால் அதிகம் வருவது நீங்கள் சொல்லும் இடத்தில்தான்: அண்ணத்தின் பின்பகுதி, நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கமாகத் தள்ளி. நடுக்கோட்டிலேயே கல் மாதிரி இருந்தால் அது பெரும்பாலும் வெறும் எலும்புப் புடைப்பு.

இந்தக் குட்டிச் சுரப்பிக் கட்டிகளில் ஏறக்குறைய பாதி புற்றாக இருக்கின்றன. சாதாரணக் கட்டியும் புற்றும் தொட்டுப் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும் என்பதுதான் சிக்கல். இரண்டுமே மெதுவாக வளரும், வலிக்காது, மேலே வழவழப்பாக இருக்கும். மியூக்கோஎபிடெர்மாய்டு என்ற புற்று நீலம் பாரித்து, மெத்தென்று, நீர்க்கொப்புளம் போலவே ஏமாற்றும். அடினாய்டு சிஸ்டிக் என்ற இன்னொன்று நரம்பைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போகும். அண்ணத்தில் மரமரப்போ எறும்பு ஊர்வது போன்ற உணர்வோ இருந்தால் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

எலும்பு அரித்திருக்கிறதா என்று சி.டி. காட்டும், நரம்பு வழியே பரவியிருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. காட்டும். என்ன கட்டி என்று இரண்டுமே உறுதியாகச் சொல்லாது. அது தெரியாமல் எவ்வளவு அகலத்துக்கு வெட்டி எடுப்பது என்று எந்த சர்ஜனாலும் முடிவு செய்ய முடியாது. எம்.ஆர்.ஐ.யை மட்டும் முடிந்தால் பயாப்ஸிக்கு முன்பே எடுத்துவிடுங்கள். வெட்டிய வீக்கம் படத்தைக் குழப்பும்.

பயாப்ஸியில் மரத்துப்போக ஊசி போடுவார்கள். அண்ணத்தில் அந்த ஊசி சுருக்கென்று வலிக்கும், அவ்வளவுதான். கட்டியிலிருந்து சில மில்லிமீட்டர் சதை எடுத்து, தேவையானால் ஒரு தையல் போடுவார்கள். இதனால் புற்று பரவிவிடாது. "சின்னக் கட்டிதானே" என்று பெயர் தெரியாமலே தோண்டி எடுத்துவிடுகிறார்கள் பாருங்கள், நான் பயப்படுவது அதற்குத்தான். ஓரத்தில் மிச்சம் விட்டால் திரும்ப வரும்.

அப்புறம், ரிப்போர்ட் விஷயம். துணுக்குச் சதையை வைத்துக்கொண்டு இந்தக் கட்டிகளைப் பிரித்தறிவது அனுபவசாலிகளுக்கே கடினம். சுரப்பிக்கு ரத்த ஓட்டம் குறைந்து உண்டாகி, சில வாரங்களில் தானே ஆறிவிடும் ஒரு புண்கூட மைக்ராஸ்கோப்பில் புற்று மாதிரித் தெரிவதுண்டு. சந்தேகமான வார்த்தை ஏதாவது இருந்தால் ஸ்லைடையும் (சதைச் சீவலை ஒட்டிய கண்ணாடித் தகடு) மெழுகு பிளாக்கையும் (எடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுத் துண்டு) கேட்டு வாங்கி, தலை, கழுத்துக் கட்டிகளையே பார்க்கும் நோய்க்குறியியல் நிபுணரிடம் காட்டுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

எட்டு மாதம் போய்விட்டது, இந்த வாரமே தேதி வாங்கிவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவரானால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.