கௌபாய் உலகின் இரக்கமற்ற பெண்கள்

கேள்வி: கௌபாய் கதைகளில் வரும் பெண்கள் வீட்டு வாசலில் காத்திருப்பார்கள்; இல்லையென்றால் மதுக்கடையில் பாடுவார்கள். ஈவிரக்கமற்ற, பிடிவாதமான பெண்ணை நடுவில் வைத்த இருண்ட கதை ஏதேனும் உண்டா?

பதில்: உண்டு. சார்லஸ் போர்ட்டிஸ் 1968-இல் எழுதிய ‘ட்ரூ கிரிட்’ நாவலிலிருந்து தொடங்குங்கள். அதன் நாயகி மேட்டி ராஸுக்கு 14 வயது. தந்தையைச் சுட்டுக் கொன்ற டாம் சேனியைப் பழிவாங்குவதற்காக ஆர்கன்சா மாநிலத்தின் ஃபோர்ட் ஸ்மித் நகருக்கு வருகிறாள். அவள் கையில் துப்பாக்கி வருவதற்கு முன்பே அவளுடைய இரக்கமின்மை நமக்குத் தெரிந்துவிடுகிறது. தந்தைக்கு மட்டக் குதிரைகளை விற்ற வியாபாரியிடம் சென்று, அவற்றைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்படியும், அவருடைய லாயத்திலிருந்து களவுபோன குதிரைக்கு ஈடு கொடுக்கும்படியும் கேட்டு, வழக்கறிஞரின் பெயரைச் சொல்லியே அவரைப் பணியவைக்கிறாள். அந்தப் பேரக் காட்சியை வாசிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் இதே பிடிவாதம் ஒரு மனிதனின் உயிரை நோக்கித் திரும்பப் போகிறதே என்ற எண்ணம் அந்தச் சிரிப்பைப் பாதியில் நிறுத்திவிடும். வேறொரு கொலைக்காகச் சேனியை டெக்ஸாஸில் தூக்கிலிட்டாலும் அவளுக்கு ஆறாது. தன் தந்தையைக் கொன்றதற்காகத்தான் சாகிறோம் என்பது அவனுக்குத் தெரிந்தாக வேண்டும்.

முதுமையில் திருமணமாகாத ஒரு பெண்ணாக அவளே இந்தக் கதையைச் சொல்கிறாள். தான் செய்தது சரிதானா என்ற ஐயம் ஓரிடத்தில்கூட எழுவதில்லை. என்னைப் பொறுத்தவரை, கதையில் சிந்தும் இரத்தத்தைக் காட்டிலும் இருண்டது அந்த ஐயமின்மைதான். பாம்புக்கடியால் நாவலில் அவள் ஒரு கையை இழக்கிறாள். 1969-இல் வந்த திரைப்படம் அந்தக் கையைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டது. கோயன் சகோதரர்களின் 2010-ஆம் ஆண்டுப் படம்தான் நாவலுக்கு உண்மையாக நடந்துகொண்டது.

கேள்வி: திரைப்படங்களில் அப்படிப்பட்ட பெண்கள் வில்லிகளாக மட்டும்தான் வருவார்களா?

பதில்: இல்லை. ஆண்டனி மான் இயக்கிய ‘த ஃப்யூரீஸ்’ (1950) படத்தில் பார்பரா ஸ்டான்விக் ஒரு பெரும் பண்ணையாரின் மகளாக வருகிறார். தந்தையின் வாழ்வில் நுழையும் பெண்ணின் முகத்தை நோக்கிக் கத்தரிக்கோலை எறியும் காட்சியைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அதன் பிறகு நடப்பதுதான் முக்கியமாகப் படுகிறது. அவள் நேசிக்கும் நண்பனைத் தந்தை தூக்கிலிட்டுவிட, அவரைச் சுட்டுக் கொல்ல நினைக்காமல், அவர் ஊரெல்லாம் பணத்துக்குப் பதிலாக எழுதிக் கொடுத்திருந்த கடன் சீட்டுகளை ஓசைப்படாமல் வாங்கிச் சேர்த்து, பண்ணையையே அவர் கையிலிருந்து பறிக்க முனைகிறாள்.

நிக்கோலஸ் ரேயின் ‘ஜானி கிட்டார்’ (1954) படத்தில் நாயகியும் வில்லியும் இருவருமே பெண்கள். ரயில் பாதை வரவிருக்கும் நிலத்தில் மதுக்கடை நடத்தும் வியன்னாவும், அவளை விரட்டத் துடிக்கும் எம்மாவும் கடைசியில் துப்பாக்கியோடு எதிரெதிரே நிற்கிறார்கள். பெயருக்குரிய ஜானி ஏறத்தாழ ஒரு பார்வையாளர்தான்.

கேள்வி: இவர்களைப் போன்ற பெண்கள் உண்மையில் வாழ்ந்தார்களா, அல்லது எல்லாம் எழுத்தாளர்களின் கற்பனையா?

பதில்: வாழ்ந்தார்கள், ஆனால் அவர்களுக்குக் கிடைத்த புகழில் பாதிக்கு மேல் அச்சகங்களில் உருவானது. பெல் ஸ்டார் என்ற பெண் 1889 பிப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டில் ஒரு மலிவுப் பதிப்பு நூல் அவரைக் ‘கொள்ளை ராணி’ ஆக்கிவிட்டது. மேட்டி நீதி தேடி வரும் அதே ஃபோர்ட் ஸ்மித் நீதிமன்றத்தில் 1883-இல் அவருக்குத் தண்டனை கிடைத்தது குதிரைத் திருட்டுக்குத்தான்.

அதைவிடக் கொடியது எல்லா வாட்சன் (Ella Watson) என்ற பெண்ணின் கதை. அரசு நிலத்தில் குடியேறிப் பயிரிடுவோருக்கு அதை வழங்கிய 1862-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி (Homestead Act), குடும்பத் தலைவியோ 21 வயது நிரம்பிய மணமாகாத பெண்ணோ 160 ஏக்கர் வரை நிலம் கோர முடிந்தது. அந்த உரிமையைக் கொண்டு வயோமிங்கில் அவர் நிலம் கோரினார். பெரிய கால்நடைப் பண்ணையார்கள் தங்கள் மேய்ச்சலுக்குப் பயன்படுத்தி வந்த நிலம் அது. 1889 ஜூலை 20 அன்று பண்ணையார்கள் சிலர் அவரையும் ஜிம் ஆவரெல் என்பவரையும் மரத்தில் தூக்கிலிட்டார்கள். அதன் பிறகு ஷையன் நகரப் பத்திரிகைகள் அவரை மாடு திருடுபவள், நடத்தை கெட்டவள், ‘கேட்டில் கேட்’ (Cattle Kate, ‘கால்நடை கேட்’) என்றெல்லாம் எழுதின. தூக்கிலிட்டவர்களில் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. வெஸ்டர்ன் கதைகளில் ‘கொடூரமான பெண்’ என்று யாரையாவது அறிமுகப்படுத்தும்போதெல்லாம், அவள் பெயரில் நிலம் இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.